நாற்பத்தோரு ஊர்ச் சமையல்

பிப்ரவரி 9

என்னங்க,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. போனில் கேட்டால் சிக்னல் போய்விட்டது என்பீர்கள், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மாடியில் புதிதாக ஒரு டீச்சர் குடிவந்திருக்கிறார். போன வருடம் உங்கள் கப்பல் எட்டு நாள் நின்றதே ஒரு துறைமுகம், அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்கள் கடிதத்தைத் தேடியெடுத்தேன். நீங்கள் எழுதியபடியே மீனுக்குள் இஞ்சியும் ஆரஞ்சுத் தோலும் வைத்து ஆவியில் வேகவிட்டு, மேலே வறுத்த எள்ளைத் தூவி, குடியிருப்பில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டுப் பரிமாறினேன்.

"இது உங்க ஊர் மீனவங்க கல்யாணத்துல வைக்கிறதுதானே டீச்சர்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் சாப்பிட்டார். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். அப்புறம், "ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா எங்க ஊர்ல இப்படி ஒண்ணு கிடையவே கிடையாதே" என்றார்.

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பதினோரு வருடத்தில் நாற்பத்தோரு ஊர்ச் சமையல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். உண்மையைச் சொல்லுங்கள். அதில் எத்தனையை உங்கள் வாயால் சாப்பிட்டீர்கள்?

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 3

அன்புள்ள கோபக்காரிக்கு,

ஒன்றுகூட இல்லை.

கப்பல் கரையில் நின்றால் மேல்தளத்து ஆட்கள் ஊர் சுற்றப் போவார்கள். இன்ஜின் அறையில் இருக்கிற எங்களுக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பிக்கும். ஓடும்போது கழற்ற முடியாததையெல்லாம் நின்றபிறகுதானே கழற்றவேண்டும்? நான் பார்த்த நாடெல்லாம் ஒரு வட்டக் கண்ணாடி ஜன்னல் அளவுதான். சாப்பாடு, வெந்த உருளைக்கிழங்கும் காய்ந்த ரொட்டியும்.

முதல் கடிதத்திலேயே, அங்கே என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டாய். தெரியாது என்று எழுத வெட்கமாக இருந்தது. பசியும் இருந்தது. கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, அந்த நிமிடம் எதைத் தின்னவேண்டும்போல் இருந்ததோ அதை எழுதினேன். நீ அதைச் செய்து பார்த்துவிட்டு நான்கு பக்கம் எழுதினாய். அப்புறம் நான் எப்படி நிறுத்துவது?

ஊரைக் கூட்டிப் பந்தி வைப்பாய் என்று நான் கண்டேனா? எல்லாப் பழியையும் என் தலையில் போடாதே. இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டித் தருகிறார்கள். நீ இருக்கிற கோபத்தில், நான் இங்கேயே கிடப்பதுதான் உனக்கும் நிம்மதி.

உன் இன்ஜின்காரன்

மார்ச் 27

என்னங்க,

நிம்மதியா? யாருக்கு?

ஒவ்வொரு லீவிலும் ஆசை ஆசையாகச் செய்து வைப்பேன். "அதெல்லாம் அங்கேயே சாப்பிட்டு அலுத்துப்போச்சு, வெறும் சோறு போடு" என்பீர்கள். மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தானே? நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அசலைத் தின்ற வாய்க்கு என் கைப்பக்குவம் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். செய்ததையெல்லாம் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

டிவியைப் பார்த்து லசான்யா செய்தேன், ஹம்முஸ் அரைத்தேன், அரிசித்தாளில் காய்கறி சுருட்டினேன். அடுப்படியில் நின்றபடியே நாலு தேசம் போய்வந்த சந்தோஷம் அது. ஆனால் உங்கள் நாற்பத்தொன்றைச் செய்யும்போது மட்டும், நீங்களும் எங்கோ உட்கார்ந்து இதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டீர்கள்.

கையெழுத்துப் போடுங்கள். தாராளமாகப் போடுங்கள்.

வீட்டுக்காரி

ஏப்ரல் 19

அன்புள்ளவளுக்கு,

மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் என்றைக்கோ கேட்டிருப்பேன்.

ஜூன் ஒன்றிலிருந்து முப்பது நாள் லீவு. ஒப்பந்தக் காகிதம் என் பெட்டியில்தான் இருக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வரட்டுமா, வேண்டாமா? ஒரு வரி எழுது.

இன்ஜின்காரன்

மே 8

என்னங்க,

ஒரு வரியில் முடிகிற கோபமா இது?

டீச்சர் அவருடைய ஊர்ச் சமையலை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மூன்று மணி நேர வேலை, இடுப்பு விட்டுப்போனது, ஆனாலும் ருசி அபாரம். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "உங்க வீட்டுக்காரர் மீன் இருக்கே, அதை இன்னொரு தடவை பண்ணுங்களேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே தின்று தீர்த்த மீன், நீங்கள் ஒருவர்தான் தின்னவில்லை.

அன்று சாயங்காலமே சமையல் நோட்டை எடுத்து, நாற்பத்தோரு பக்கத்திலும் நாட்டின் பெயரை அடித்தேன். தேதியை மட்டும் அடிக்கவில்லை. அந்தந்த நாளில் உங்களுக்கு எதன்மேல் பசி என்று அதில் எழுதியிருக்கிறது.

வாருங்கள். தினம் ஒன்று வைப்பேன். உப்புக் கூடிவிட்டது, வேக்காடு பற்றவில்லை என்று வாயைத் திறக்கக்கூடாது. சோறு கேட்டால் கிடைக்காது. முப்பது நாளில் முப்பதுதான் ஆகும், பாக்கி பதினொன்று இருக்கிறது. அதைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுக்க இனிமேல் என்னால் முடியாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதை யோசியுங்கள்.

இன்னும் கோபம் தீராத
உங்கள் வீட்டுக்காரி