உன் படத்தை இறக்கி வைத்த சனிக்கிழமை

தென்காசி
1988, ஆடி மாதம்

என் அருமைத் தம்பி ராசாவுக்கு,

சாரல் இந்த வருஷம் நிற்கவே மாட்டேன் என்கிறது. கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் ஈரம் போகவில்லை. முழங்கால் வலி படியேற விடவில்லை, பெரிய கோயிலுக்குக்கூட வெள்ளிக்கிழமை மட்டும்தான் போகிறேன். உனக்கு எழுத உட்கார இவ்வளவு நாள் ஆகிவிட்டது. உடம்பில் தெம்பில்லை என்பது ஒரு காரணம். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தது இன்னொரு காரணம்.

நீ பம்பாயிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கம்ப்யூட்டரைப் பற்றித்தான்.

பங்குனியில் நீ போன பிறகு உன் பெண்டாட்டி கோமதி என்ன செய்வாள் என்று எல்லாரும் பேசினார்கள், அவளைத் தவிர. சுரண்டையிலிருந்து அவள் அண்ணன் வந்து, அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டியை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னார். இருபத்தொன்பது வயதில் அண்ணன் வீட்டு அடுப்படிக்குப் போனால் அவள் திரும்ப எப்போது வெளியே வருவாள்? நீ குற்றாலத்துப் பள்ளிக்கூடத்துக்கு மதிப்பெண் பட்டியல் அடித்துக் கொடுத்தாயே, அந்த வேலையைத் தனக்குத் தரச்சொல்லி அவளே போய்த் தலைமையாசிரியையிடம் கேட்டாள். ஆடியில் வருகிற பரீட்சைக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கிறேன், திங்கட்கிழமை காலை பட்டியல் கைக்கு வந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று அந்த அம்மாள் சொன்னார்கள். அதே திங்கட்கிழமை வண்டியோடு வருவதாக அண்ணனும் சொல்லிவிட்டார். வேலை நடந்தால் இவள் இங்கே, நடக்காவிட்டால் சுரண்டை.

ஆனால் பெட்டி ஆனியிலேயே மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது. சுவிட்சைப் போட்டதும் திரையில் மெமரியை எண்ணிக்கொண்டு போகுமே, அறுநூற்று நாற்பது வரை? அது இருநூற்று ஐம்பத்தாறைத் தாண்டியதும் நின்றுவிடும். சில நாள் முழுக்க எண்ணிவிட்டு, கோமதி ஒரு வகுப்பு மதிப்பெண்ணை ஏற்றி முடிக்கும்போது உறைந்துபோகும். அடித்ததெல்லாம் போய்விடும். அவள் முதல் பையன் பெயரிலிருந்து திரும்பத் தொடங்குவாள். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத்தான் அசதியாக இருக்கும்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். திறந்து ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

"போர்டு போயிட்டும்மா. மெமரியெல்லாம் செத்துப் போச்சு."

"எல்லாம் ஒண்ணா சாகுமா தம்பி?"

"சாகும்மா. வேணும்னா உதிரி சாமானுக்கு நான் எடுத்துக்கிடுதேன்."

"செத்ததை வச்சு நீங்க என்ன செய்யப் போறிய?" என்று கேட்டேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்தது எழுதி வைப்பது ஒன்றுதான். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், பெட்டி நின்ற ஒவ்வொரு தடவையும் கிழமை, நேரம், எந்த எண்ணில் நின்றது என்று குறித்தேன். மூன்று வாரம் குறித்துவிட்டு ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால், செவ்வாயும் வெள்ளியும்தான் அதிகம். மற்ற நாளில் எப்போதாவது. அந்த இரண்டு நாளில் பெட்டி எழுந்ததே இல்லை.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? செவ்வாய், வெள்ளி உனக்கு விளக்கு வைக்கிற நாள். உனக்குத்தான் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். கோமதி உன் பெட்டியைத் தொடுவதும், பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஊர் விட்டு ஊர் அலையப் போவதும் உனக்கு ஆகவில்லை, அதனால் நிறுத்துகிறாய் என்று. அதை மனதோடு வைத்துக்கொண்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை அவளிடம் சொல்லியும் விட்டேன்.

"ஏட்டி கோமதி, அவனுக்கு இதுல இஷ்டமில்ல போலுக்கு. நீ அண்ணன் கூடப் போயிரேன்."

அவள் மூக்குறிஞ்சினாள். "சரி மதினி" என்றாள். அவ்வளவுதான். அன்று அவள் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், அவளை அனுப்புவதுதான் அனுப்புகிறோம், பெட்டியை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. பிளக்கை உருவிவிட்டுத் திருப்புளியை எடுத்தேன். பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்து எழுத்துக் கூட்டிப் படித்திருந்தேன். மெமரிச் சில்லுகள் வரிசைக்கு ஒன்பது. முதல் வரிசையோடு இருநூற்று ஐம்பத்தாறு முடிகிறது. அப்படியானால் எண்ணிக்கை நிற்பது இரண்டாம் வரிசையில். இது புரிய இங்கிலீஷ் வேண்டியதில்லை.

இரண்டாம் வரிசைச் சில்லுகளை முதல் வரிசையிலும், அதிலிருந்ததை இதிலும் மாற்றிச் செருகினேன். எந்த ஒன்பது எங்கே போனது என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். சில்லு செத்திருந்தால் இப்போது பெட்டி தொடக்கத்திலேயே நிற்க வேண்டும். பெரிய கோயில் உலகம்மையை நினைத்துச் சுவிட்சைப் போட்டேன். பழைய இடத்திலேயே, இருநூற்று ஐம்பத்தாறைத் தாண்டித்தான் நின்றது. சில்லுகள் மேல் குற்றமில்லை. அவை உட்கார்ந்திருந்த இடத்தில்தான் குற்றம்.

மறுபடி பிளக்கை உருவி, டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டாம் வரிசையில் மூன்றாவது, நான்காவது இருப்பிடத்தின் துளைகளில் பச்சைப் பசேல் என்று களிம்பு. செம்புக் குடத்தை ஈரத்தோடு போட்டு வைத்தால் பிடிக்குமே, அதே களிம்பு. எனக்கு அதைத் தெரியாதா? புளியைத் தேடிப்போன கையை அடக்கிக்கொண்டேன்.

சாரல் ஈரம் என்றால் எல்லா இடத்திலும் பிடிக்க வேண்டும். ஏன் இங்கே மட்டும்? மூடியை எடுத்து மேலே பொருத்திப் பார்த்தேன். காற்றுக்கு என்று நீயே மூடியில் துளை போட்டிருந்தாய். அந்தத் துளைகளுக்கு நேர் கீழே அந்த இரண்டு இருப்பிடம். துளைகளுக்கு நேர் மேலே இருந்தது, திறப்பதற்காக ஓரமாக எடுத்து வைத்திருந்த உன் படம்.

பதினாறாம் நாள் அந்தப் படத்தை அங்கே வைத்தது நான். உன் பெட்டி, உன் இடம் என்று வைத்தேன். செவ்வாயும் வெள்ளியும் மாலையைத் தண்ணீரில் முக்கியெடுத்துப் போடுவேன், சாயங்காலம் வரை வாடாமல் இருக்கட்டும் என்று. மாலையின் நுனி அந்தத் துளைகள் மேல்தான் கிடந்திருக்கிறது. மூன்று மாதமாக நான் சொட்டுச் சொட்டாக உள்ளே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஊற்றிவிட்டு, நிறுத்துகிறவன் நீ என்று உன் மேல் பழியும் போட்டிருக்கிறேன்.

கோமதி வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ஒனக்குத் தெரியுமாட்டி?"

"மாலை சொட்டுததைப் பாத்தேன் மதினி. ரெண்டு தடவ துணி வச்சுத் தொடச்சேன்."

"என்னட்ட ஏன் சொல்லல?"

"படத்தை எடுங்கன்னு எப்படிச் சொல்ல? உங்க தம்பியில்லா. நீங்க மனசு சங்கடப்படுவியன்னு..."

"என் தம்பின்னா ஒனக்கு யாருட்டி? பக்கத்து வீட்டுக்காரனா?"

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். வேலை போனால் போகட்டும், சுரண்டைக்குப் போகலாம், ஆனால் என்னிடம் அந்த ஒரு சொல்லை அவளால் சொல்ல முடியாது. அவளை அப்படி வைத்திருந்தது யார்? நான் கடிந்து ஒரு வார்த்தை பேசினதில்லை, ராசா. பேசாமலே அப்படி ஆகிவிடுமா?

உன்னிடம் கேட்கவில்லை. படத்தை எடுத்துப் பூசையறையில் அப்பா அம்மா பக்கத்தில் வைத்தேன். பிறகு ஊசியில் மெல்லிய துணி சுற்றி, டாக்டர் வீட்டில் வாங்கின ஸ்பிரிட்டில் தொட்டு, ஒவ்வொரு துளையாக இரண்டு பேரும் துடைத்தோம். சில்லுகளின் கால்களைப் பிள்ளைகள் அழிக்கிற ரப்பரால் தேய்த்தோம். முதுகு விட்டுப்போயிற்று. நன்றாகக் காயவிட்டுச் சுவிட்சைப் போட்டோம். இருநூற்று ஐம்பத்தாறு. கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாண்டியது. அறுநூற்று நாற்பதில் போய்த்தான் நின்றது.

ஞாயிறு முழுக்க அவள் அடித்தாள், நான் பெயரும் மதிப்பெண்ணும் வாசித்தேன். ஒரு தடவைகூட உறையவில்லை. திங்கட்கிழமை காலை பட்டியலைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டு, அருவியில் குளிக்கப் போகிற கூட்டத்துக்குள் பஸ்ஸில் நின்றுகொண்டே குற்றாலம் போனோம். தலைமையாசிரியை இரண்டு வகுப்பு மதிப்பெண்ணைக் கூட்டிச் சரிபார்த்தார்கள். "காலாண்டுக்கும் நீங்களே செய்ங்க. ஒரு நாள் பிந்தக் கூடாது" என்றார்கள்.

திரும்பி வந்தால் கோமதியின் அண்ணன் வாசலில் வண்டியோடு இருக்கிறார்.

"என்ன, டப்பா ஓடுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "ஓடுதுண்ணே. நான் வரல."

அவர் என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"வாடகை வண்டி பிடிச்சு வந்திருக்கேன். வெறும் வண்டியையா திருப்பிக் கொண்டுபோக?"

"எங்க வீட்டு ஈரத்துணியை ஏத்திட்டுப் போங்க அண்ணாச்சி. உங்க ஊர்லதான் வெயில் அடிக்குதாமே" என்றேன். கோமதி காப்பி போட உள்ளே போனாள்.

இவ்வளவுதான் சங்கதி. எனக்குக் களைப்பு இன்னும் தீரவில்லை. படம் இருந்த இடம் வெறிச்சென்று இருக்கிறது, அந்தப் பக்கம் போகும்போது கண் தானாகத் தேடுகிறது. உனக்கு வருத்தமா? இருந்தால் அதை என் மேல் வைத்துக்கொள், அவள் மேல் வேண்டாம்.

இனி அந்தப் பெட்டி மேல் ஒரு பூ இதழ்கூட வைக்க மாட்டேன். அது என்றைக்காவது நின்றால், உனக்கு என்ன கோபம் என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டேன். கோமதியைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக மூடியைத் திறப்போம்.

இப்படிக்கு,
உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னாலும் இருக்கிற
உன் அக்கா