அப்பா வைத்தால் அழமாட்டாள்

3 நவம்பர் 2014

இந்த வாரம் வீட்டுக்காரர் கலைச்செல்வனுக்கு அனல்மின் நிலையத்தில் ஃபர்ஸ்ட் ஷிப்ட். மூன்று மணிக்கே குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார். ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் வெண்மதிக்குச் சாயங்காலம் நெபுலைசர் மெஷினில் மூச்சு மருந்து வைப்பது அவர் பொறுப்பு. எனக்குப் பக்கத்து பிளாக்கில் டியூஷன் எடுக்கும் வேலை. முடித்து வந்தால் பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"எங்கிட்ட அழவே மாட்டேங்குது பாரு. நீ புடிச்சி அமுக்கிகினு வைக்கிற, அதான் கத்துது."

போன வாரம் முழுக்க நான் வைத்தபோது மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தாள், கையைக் கடித்தாள். நாலு வயசுப் பிள்ளையிடம் எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை போலிருக்கிறது.

7 நவம்பர்

மறுபடி இளைப்பு. நான் கடி வாங்கிக்கொண்டு வைத்த வாரம் நன்றாகத்தானே இருந்தாள்? சாம்பல் காற்றாக இருக்கும். ஜன்னலைச் சாத்தி, போர்வையெல்லாம் வெந்நீரில் துவைத்தேன்.

8 நவம்பர்

விடிந்ததும் ஆஸ்பத்திரி. மூச்சு இழுக்க இழுக்க விலா உள்ளே போனது. மத்தியானம்தான் உதட்டில் நிறம் திரும்பியது. டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "தினமும் மருந்து வச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதும்மா. அழறான்னு விட்டுட்டீங்களா?"

இல்லை மேடம், இல்லை மேடம் என்று அழுதேன். இவர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

11 நவம்பர்

நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம்.

வெண்மதி பொம்மைக்கு மருந்து வைத்து விளையாடினாள். காலிக் குப்பி ஒன்றைத் திருகித் திறப்பதுபோல் செய்தாள். நேராகப் பால்கனிக்குப் போய்ச் செம்பருத்தித் தொட்டியில் கவிழ்த்தாள். அப்புறம் வந்து பொம்மைக்கு மாஸ்க் போட்டாள்.

"ஏன் கண்ணு அங்க ஊத்தின?"

"மருந்து செடிக்கு. பாப்பாவுக்கு வெறும் தண்ணி. அம்மாகிட்ட சொல்லக்கூடாது."

அவர் வந்ததும் கேட்டேன். மறுக்கவில்லை.

"தெய்வசிகாமணி அண்ணன் சொன்னாரு, இந்த மருந்து பழகிட்டா ஆயுசுக்கும் விடாதாம். பொம்பளப் புள்ள. நாளைக்கு எவன் கட்டிப்பான்? வெறும் சலைன் தண்ணி மட்டும் ஊத்துனேன். அதுவும் கசப்பு இல்லாம பேசாம உக்காந்துகினு இருந்துச்சு."

கூட ஷிப்ட் பார்க்கிறவர் சொன்னது வேதம். டாக்டர் சொன்னது? நான் சொன்னது?

பயந்து செய்தார் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனா ஆஸ்பத்திரில நான் திட்டு வாங்கறப்ப ஏன் வாயத் தொறக்கல? புள்ள மூச்சுக்குத் தவிக்கறப்பகூட டாக்டர்கிட்ட சொல்லலியே. என்னை ஏமாத்த என் புள்ளைக்கே கத்துக்கொடுத்துட்டியே — எப்படி மனசு வந்துச்சு உனக்கு?

12 நவம்பர்

சோறு போட்டேன். தட்டை வைத்துவிட்டு வெண்மதியிடம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

20 நவம்பர்

டியூஷனை நிறுத்திவிட்டேன். இனி எந்த ஷிப்டானாலும் நான்தான்.

அமுக்கிப் பிடிப்பதையும் விட்டேன். "கசக்குமா?" என்றாள். "கொஞ்சம் கசக்கும். சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று உள்ளதைச் சொன்னேன். குப்பியைத் திருகுவது, கப்பில் ஊற்றுவது, சுவிட்சைத் தட்டுவது எல்லாம் அவள் வேலை. தலையில் அப்பாவின் ஹெல்மெட். மெஷின் உறுமியதும் "ஷிப்ட் ஆரம்பம்" என்று அவளே மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டாள். பாதியில் ஒருமுறை அழுதாள். விட்டு, மறுபடி வைத்தோம்.

28 நவம்பர்

கடிக்கவில்லை. இளைப்பும் இல்லை.

அவர் மன்னிப்பு கேட்டார். கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

14 டிசம்பர்

எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. "நான் வைக்கிறேன்" என்றார். வேறு வழியில்லை, தலையாட்டினேன்.

கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்மதி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் மாஸ்க்கை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கப்பை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, மருந்து ஊத்துனியா? குப்பியக் காட்டு."

காட்டினார். வாங்கித் தலைகீழாக உதறிப் பார்த்தாள். அப்புறம் பால்கனிக்குப் போய்த் தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.