மே மாதத்துக் கறுப்பு மொச்சை

ஓஸ்டியா,
பிப்ரவரி நடுநாளுக்கு முந்தின நாள்

அன்புள்ள சலோனியாவுக்கு உன் கணவன் நின்னியஸ் எழுதுவது.

நீ நலமாயிருந்தால் அது போதும். நான் ஏதோ இருக்கிறேன்.

நாளை முதல் இறந்தவர்களின் நாட்கள். கோயில்களெல்லாம் கதவடைத்துவிடும். ஊரே குடும்பம் குடும்பமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு கல்லறைச் சாலைக்குப் போகும்போது, நான் மட்டும் ஒண்டியாக நம் மகள் சிட்டுவின் கல்லறைக் கல்லுக்கு முன்னால் போய் நிற்க வேண்டுமா? காய்ச்சலில் அவள் போய் இது இரண்டாவது பிப்ரவரி. போன பிப்ரவரியில் நீ என் பக்கத்தில் நின்றாய். மே மாதம் கோபித்துக்கொண்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போனவள், இன்னும் பிரைனெஸ்டேயிலேயே உட்கார்ந்திருக்கிறாய்.

ரொட்டிக்கடை நன்றாக நடக்கிறது. மாவுக்கல் சுற்றும் கழுதை என்னை மதிப்பதே இல்லை. உன் குரல் கேட்டால்தான் நடக்குமாம். வீட்டுத் தெய்வத்தின் மாடத்துக்கு மாலை கட்டுவதும் என் தலையில் விழுந்துவிட்டது. அடுப்பு வேலை பார்க்கும் கிழவன் ஹிலாரஸ் அதைப் பார்த்துவிட்டு, "எசமான், இது சாமிக்கு மாலையா, கழுதைக்குக் கயிறா?" என்று கேட்கிறான். எல்லோருக்கும் இளக்காரமாகிவிட்டேன்.

ஒரு பிடி மொச்சைக்காகவா ஒரு குடும்பம் உடைய வேண்டும்? வந்துவிடு.

நின்னியஸ்

*

பிரைனெஸ்டே,
பிப்ரவரி, உறவினர் கூடி உண்ணும் நாள்

என் கணவருக்கு சலோனியா எழுதுவது.

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் வேண்டிக்கொண்டேன்.

நான் அவள் கல்லறைக்கு வந்தேன். உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அடுப்பைவிட்டு நகர முடியாத நேரமாகப் பார்த்து, வண்டிக்காரனைக் கெஞ்சிக் கூத்தாடி வந்தேன். கல்லின்மேல் ஊதாப் பூக்கள் வாடிக் கிடந்தன. எல்லோரும் ரொட்டியை ஒயினில் தோய்த்து வைப்பார்கள். நீங்கள் தேனில் தோய்த்து வைத்திருந்தீர்கள். அவளுக்கு ஒயின் வாசனையே ஆகாது என்பதை நீங்கள் மறக்கவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுப் பக்கம் வர மட்டும் கால் எழவில்லை.

நீங்களே சொல்லுங்கள். பிப்ரவரியில் "வாடா கண்ணு, வந்து சாப்பிடு" என்று கூப்பிடுகிறோம். மே மாதம் ஆவிகளின் இரவு வந்ததும், கறுப்பு மொச்சையை வீசி, வெண்கலப் பாத்திரத்தைத் தட்டி, "வீட்டைவிட்டு வெளியே போ" என்கிறோம். ஆறு வயதுக் குழந்தை எங்கே போவாள்? அவளுக்குத் தெருமுனைக்கு அப்பால் வழியே தெரியாதே!

போன வருஷம் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒரு வருஷம் மட்டும் வேண்டாங்க" என்று கேட்டேன். "சும்மா இரு, வழக்கம்னா வழக்கம்தான்" என்று கையை உதறிவிட்டீர்கள். அந்த வெண்கலச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்த மே மாதம் மொச்சை வீச மாட்டேன் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அடுத்த வண்டியிலேயே வந்துவிடுகிறேன்.

சலோனியா

*

ஓஸ்டியா,
மார்ச் முதல் நாள்

சலோனியாவுக்கு நின்னியஸ்.

இன்று மனைவிமாரின் திருநாள். ஊரில் ஒவ்வொருத்தனும் வீட்டுக்காரிக்குப் பரிசு கொடுத்து, அவள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறான். இந்தப் பச்சைச் சால்வையைக் கோவேறு கழுதைக்காரனிடம் கொடுத்தனுப்புகிறேன். உனக்காக வேண்டிக்கொண்டேன். தலையை மூடிக்கொண்டு வேண்டினேன். இல்லையென்றால் என் முகத்தைக் கடைக்காரர்களெல்லாம் பார்த்திருப்பார்கள்.

நீ கேட்ட வார்த்தையை என்னால் எழுத முடியவில்லை. கோபிக்காமல் படி. இந்தக் கூரைக்குக் கீழே நாம் இரண்டு பேர் மட்டுமா இருக்கிறோம்? அடுப்பாட்கள், மாவு பிசைகிறவர்கள், மாடியில் படுத்திருக்கும் அவர்கள் பெண்டு பிள்ளைகள், எல்லோரும் இருக்கிறார்கள். வீட்டுத் தலைவன் மொச்சை வீசி, "இதைக் கொடுத்து என்னையும் என்னவர்களையும் மீட்கிறேன்" என்று சொன்னால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். பிசைகிறவன் மனைவிக்கு இப்போது கைக்குழந்தை. நான் சடங்கை விட்டு, நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஒன்று ஆகிவிட்டால்? அவள் வயிறெரிந்து என்னைப் பார்க்கும் பார்வையை நான் எப்படித் தாங்குவேன்? பிள்ளையைப் பறிகொடுப்பது என்னவென்று எனக்குத் தெரியாதா?

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதே. அவள் எனக்கும் மகள்தான்.

நின்னியஸ்

*

பிரைனெஸ்டே,
ஏப்ரல் கடைசி

கணவருக்கு சலோனியா.

சால்வை வந்தது. போர்த்திக்கொள்ளவில்லை. மடித்து வைத்திருக்கிறேன்.

இங்கே அண்ணனின் பேச்சு நாளுக்கு நாள் நீளுகிறது. "உனக்கு என்ன வயசா ஆயிடுச்சு? இன்னொருத்தனைக் கட்டிக்கிட்டு, அவன் வீட்டுத் தெய்வத்துக்குக் காசு வெச்சுக் கும்பிட்டுட்டுப் புதுசா ஆரம்பி" என்கிறான். எண்ணெய் ஆலைக்காரர் ஒருவரைப் பேசியும் வைத்திருக்கிறான். அண்ணிதான், "மே மாசம் எவளாவது கல்யாணம் கட்டுவாளா? ஆவி சுத்துற மாசம்! ஜூன் பாதி போகட்டும், சும்மா இருங்க" என்று அவன் வாயை அடைத்தாள். அவள் புண்ணியத்தில் எனக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது.

நீங்கள் எழுதியது எல்லாம் நியாயம்தான். அந்தக் கைக்குழந்தை நன்றாக இருக்கட்டும். ஆனால் என் குழந்தையைத் துரத்திய வீட்டுக்குள் நான் எந்த முகத்தோடு நுழைவேன்? இந்த வருஷமும் மொச்சை தரையில் விழுந்தால், "உன் பொருளை நீயே எடுத்துக்கொள்" என்று கல்யாணத்தை முறிக்கும் அந்தப் பிரிவினைச் சொல்லை ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிடுங்கள். என் பெட்டியும் கூடவே வரட்டும். சண்டை வேண்டாம்.

சலோனியா

*

ஓஸ்டியா,
மே, ஆவிகளின் முதல் இரவுக்கு மறுநாள் காலை

சலோனியாவுக்கு நின்னியஸ்.

மொச்சையை வீசிவிட்டேன். உன்னிடம் மறைக்க மாட்டேன்.

வீடு அடங்கியதும் வெறுங்காலோடு எழுந்தேன். ஊற்றுத் தண்ணீரில் கை கழுவினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோளுக்குப் பின்னால் வீசிக்கொண்டே நடந்தேன். பின்னால் ஆவி வந்து பொறுக்கும், பார்க்கக் கூடாது என்பது சட்டம். உனக்குத் தெரியும்தானே. அப்பா இருந்தவரை அவர் பார்த்ததில்லை. நானும் இதுவரை பார்த்ததில்லை.

ஆனால் பாதி வீசியபோது ஒரு நினைப்பு வந்துவிட்டது. அடுக்களையில் நீ மொச்சை உரித்தால், சிதறியதையெல்லாம் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கி, பாவாடையில் கட்டிக்கொண்டு வருவாளே, "அப்பா, எண்ணிப் பாரு" என்று. இப்போதும் அவள்தான் எனக்குப் பின்னால் பொறுக்கிக்கொண்டு வருகிறாளோ என்று தோன்றியது. என்னால் முடியவில்லை, சலோனியா. திரும்பிப் பார்த்துவிட்டேன்.

யாரும் இல்லை. மொச்சை மட்டும் கிடந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெண்கலத்தைத் தொடவே இல்லை.

விடிந்ததும் ஹிலாரஸ் வந்து பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "திரும்பிப் பாத்துட்டீங்களா எசமான்? போச்சு! செஞ்சதெல்லாம் செல்லாது. ஒருநாள் விட்டு ஒருநாளா இன்னும் ரெண்டு ராத்திரி இருக்கு, முதல்லேருந்து செய்யணும்" என்றான். பிறகு என் தோளில் கைவைத்து, "நானா இருந்தாலும் பாத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனான்.

மாடியில் அந்தக் கைக்குழந்தை இருமுகிறது. கடைசி இரவில் நான் மறுபடி செய்தே ஆக வேண்டும். செய்தால் மறுபடியும் திரும்பிப் பார்ப்பேன் என்று பயமாக இருக்கிறது. உன் பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பிரிவினைச் சொல்லை மட்டும் எந்த ஆளிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டுமென்றால் நீயே சொல்லி அனுப்பு.

நின்னியஸ்

*

பிரைனெஸ்டே,
மே, ஆவிகளின் இரண்டாம் இரவன்று பகலில்

என்னங்க,

உங்கள் ஆள் வாசலிலேயே நிற்கிறான், அதனால் அவசரமாக எழுதுகிறேன். பெட்டியை அவிழ்த்துப் பழைய இடத்தில் வையுங்கள். அண்ணன் முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறான். வண்டியை அண்ணியே பூட்டச் சொல்லிவிட்டாள்.

இவ்வளவு நாள் நான் மட்டும்தான் அவளைத் தேடுகிறேன் என்று நினைத்திருந்தேன். நீங்களும் தேடினீர்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே. நீங்கள்கூடச் சொல்லவில்லையே!

யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவள் அந்தக் கல்லுக்கு அடியில், தேன் ரொட்டி இருக்கும் இடத்தில்தான் இருக்கிறாள். அதைப் படித்த பிறகு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

குழந்தையின் இருமலுக்கு வெந்நீரில் தேன் கலந்து கொடுக்கச் சொல்லுங்கள். கடைசி இரவுக்குள் வந்துவிடுவேன். நீங்கள் முன்னால் நடந்து மொச்சை வீசுங்கள். திரும்பிப் பார்க்கத் தோன்றினால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், வாசலில் நின்று பதில் சொல்கிறேன். வெண்கலத்தை நான் தட்டுகிறேன். மெதுவாகத்தான் தட்டுவேன்.

உங்கள் சலோனியா