அப்பாவைக் காட்டிக்கொடுத்த பன்றிகள்

கார் நிக்கோபார்,
ஜூன் 2020

அன்பு மகள் நளினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், பூனை நலம், உன் அப்பா தென்னந்தோப்பில் சிறை, அவரும் நலம்தான். நீ நலமா, சென்னை விடுதியில் சோறாவது ஒழுங்காகப் போடுகிறார்களா? போன் ஒரு வாரமாகச் செத்துக் கிடக்கிறது, அதனால் கப்பலில் இந்தக் கடிதம்.

சிறை என்றதும் பதறாதே. கப்பலில் யார் வந்து இறங்கினாலும் இரண்டு வாரம் தோப்புக் குடிசையில் தனியாக இருந்துவிட்டுத்தான் ஊருக்குள் வரவேண்டும் என்று கிராமத்தார் கூடி முடிவெடுத்தார்கள். சுனாமியில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள், பயப்படமாட்டார்களா? போர்ட் பிளேர் போய்த் திரும்பிய உன் அப்பா மின்சார ஆபீஸ் பாஸை நீட்டி, நான் இல்லாவிட்டால் உங்களுக்குக் கரண்டே கிடையாது என்று குதித்தாராம். ஊர்த் தலைவர் கேப்டன் ஆரோன், கோயி பாத் நஹி, பரவாயில்லை, இருட்டிலேயே இருந்துகொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்.

இந்த மனுஷன் சும்மா இருப்பாரா? பொழுது போகாமல் தோப்பில் மேயும் பன்றிகளுக்குத் தேங்காய் உடைத்துப் போட்டுப் பழக்கிவிட்டார். ஒரு மத்தியானம் என் ரசத்துக்கு நாக்கு ஊறி நழுவி வந்தால், முன்னால் இவர், பின்னால் பன்றிக் கூட்டம், உறுமிக்கொண்டே குவார்ட்டர்ஸ் வாசல் வரை ஊர்வலம்! ஊரே கூடிச் சிரித்தது. எனக்கு மானம் போயிற்று, இருந்தாலும் சிரித்துவிட்டேன். துடைப்பத்தைக் காட்டி நானே திருப்பி அனுப்பினேன். அன்றிலிருந்து கேப்டன் மனைவி எடித்தான் ரசத்தை வாங்கிக்கொண்டுபோய்க் குடிசைக்குத் தள்ளி வைத்துவிட்டு வருகிறாள்.

ஆனால் கூத்தோடு போகவில்லையடி. உன் அப்பாவே நழுவிவிட்டார், இனிக் குடிசையை நம்ப முடியாது, அரிசியும் மருந்தும் மட்டும் இறங்கட்டும், ஆள் இறங்க வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. அடுத்த கப்பலில் வருகிறேன், கேப்டனிடம் சொல்லி வை என்று போனில் நீ அழுதது காதிலேயே இருக்கிறது. சண்டை போட்டாவது அனுமதி வாங்குவது என்றுதான் அவர் வீட்டுக்குப் போனேன். அங்கே எடித் வாழைப்பழமும் கருவாடும் கட்டிக்கொண்டிருந்தாள், போர்ட் பிளேருக்கு அனுப்ப. அவள் மகன் ஜோயல் அந்த ஊர்க் குட்வில் எஸ்டேட்டில் பெட்டியைக் கட்டிவைத்துக் காத்திருக்கிறானாம், அவனையும் வராதே என்று சொல்லிவிட்டார்கள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, எப்போதும்போல அக்கா முறை வைத்து, தீதி, இன்றைக்கு ரசம் ஆயிற்றா என்றுதான் கேட்டாள். உனக்காகக் கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன். என்மேல் கோபப்படு, எனக்கும் அழுகைதான் வருகிறது.

வேளைக்குச் சாப்பிடு, மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு திரியாதே, தலைக்கு எண்ணெய் வை. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணே. மறக்காமல் ஜோயலுக்கு ஒரு போன் போடு. யாரால் இப்படி ஆயிற்று என்று எடித் அவனுக்குச் சொல்லவே இல்லையாம். நீ சொல்லிவிடு, நம் வீட்டுக்காக அவனிடம் திட்டும் வாங்கிக்கொள்.

உன்னை வரவிடாத
அம்மா மீனாம்பாள்