பதினேழாம் பக்கத்துப் பஞ்சு

7 ஜூலை 2025, திங்கள்

பயிற்சியின் முதல் நாள். பதினோரு வருடம் தறி ஓட்டிய கையில் இன்று ஒரு ஸ்பேனரையும் நூற்றெண்பது பக்க இங்கிலீஷ் புத்தகத்தையும் கொடுத்தார்கள். ஸ்பேனர் மத்தியானத்துக்குள் பழகிவிட்டது. புத்தகத்தைப் பஸ்ஸில் வரும்போது மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

வகுப்பில் ஒன்பது பேர். முப்பத்தேழு வயதில் நான்தான் மூத்தவள். பாடம் நடத்தும் பிரவின்குமாருக்கு இருபத்தெட்டு இருந்தால் அதிகம். அவர் என்னை அக்கா என்கிறார், நான் அவரை சார் என்கிறேன். இரண்டு பேருக்கும் மரியாதை குறையவில்லை.

நாங்கள் படிக்கப்போவது ஹீட் பம்ப். விறகும் வேண்டாம், கேஸும் வேண்டாம். கொஞ்சம் கரண்டை வாங்கிக்கொண்டு, வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீரைக் காயவைக்கிற மெசின். காற்றிலிருந்து சூட்டை எப்படி எடுக்கும்? சார் அரை மணி நேரம் சொன்னார். நன்றாகத் தலையாட்டினேன். ஒன்றும் புரியவில்லை.

9 ஜூலை, புதன்

பக்கத்து இருக்கைப் பொற்கொடி நாளையிலிருந்து வரமாட்டாளாம். எட்டாவதோடு பனியன் கம்பெனிக்குப் போனவள். “இந்தப் புக்கைப் பார்த்தாலே பயமா இருக்குதுங்க்கா. நான் கம்பெனிக்கே போயிக்கறேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள்மேல் இல்லை, புத்தகத்தின்மேல். வால்வைத் திருகத் தெரிந்தவளுக்கு அதை இங்கிலீஷில் படிக்கவும் தெரியவேண்டும் என்று யார் சொன்னது?

வீட்டுக்கு வந்ததும் பையனின் பழைய நோட்டில் ஒரு பக்கம் எழுதினேன். “ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை வைத்துப் பார். சூடாக இருக்கும். அது உள்ளே இருக்கும் சாமானிலிருந்து எடுத்து வெளியே தள்ளின சூடு. ஹீட் பம்ப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஊர்க்காற்றிலிருந்து எடுக்கிறது, தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளுகிறது.” எழுதி முடித்தபிறகுதான் எனக்கே புரிந்தது. போட்டோ எடுத்துப் பொற்கொடிக்கு அனுப்பினேன்.

10 ஜூலை, வியாழன்

பொற்கொடி வந்தாள்.

2 ஆகஸ்ட், சனி

நோட்டு முப்பத்தொரு பக்கம் ஆகிவிட்டது. ஒன்பது பேரிடமும் ஜெராக்ஸ் இருக்கிறது. நான் வரைந்த கம்ப்ரஸரைப் பார்த்து என் வீட்டுக்காரர் ஜெப்ரி, “இதென்ன, நம்மூட்டு இட்லிக் குண்டாவா?” என்று கேட்டார். நூல் வண்டி ஓட்டுகிறவருக்குக் கம்ப்ரஸரைப் பற்றி என்ன தெரியும் என்று வாயை அடைத்தேன். மறுபடி பார்த்தேன். இட்லிக் குண்டா மாதிரிதான் இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன், நினைவில் நிற்கும்.

25 ஆகஸ்ட், திங்கள்

செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். அவ்வளவு சந்தோஷம்.

சார் என் நோட்டை முழுசாக வாங்கிப் படித்துவிட்டு பயிற்சி மையத்தின் முதல்வர் அற்புதம் மேடத்திடம் காட்டியிருக்கிறார். ஜனவரியில் வருகிற பேட்ச்சுக்கு இதையே பாடப் புத்தகமாக அச்சடிக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். ஆனால் மேடம் ஒரு சோதனை வைத்திருக்கிறார். இந்த நோட்டை மட்டும் பார்த்து நாங்கள் ஒரு மெசினை மாட்டவேண்டும். அது நாற்பது நாள் ஒரு புகாரும் இல்லாமல் ஓடவேண்டும். ஓடினால் அச்சு. ஓடாவிட்டால் அந்த நூற்றெண்பது பக்கமேதான்.

ஜனவரி பேட்ச்சிலும் ஒரு பொற்கொடி இருப்பாள். அவள் திரும்பிப் போகக்கூடாது.

3 செப்டம்பர், புதன்

மெசினை மாட்டியாயிற்று. எங்கள் ஊர் கருமத்தம்பட்டியிலேயே, தறிக்குப் போகிற பெண்கள் தங்கும் ஹாஸ்டலில். இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். காற்று தாராளமாக வரும் இடமாக இருக்கவேண்டும், அதுவும் கதகதப்பான காற்றாக இருந்தால் கரண்ட் இன்னும் குறையும் என்று நோட்டில் நானே எழுதியிருக்கிறேன். ஹாஸ்டலுக்குப் பின்னால் அடுத்த காம்பவுண்டில் ஒரு தறிக்குடோன், உள்ளே விசைத்தறிகள் ஓடுகின்றன. அதன் பெரிய ஃபேன் நாள் முழுக்க வெதுவெதுப்பான காற்றை இந்தப் பக்கம் தள்ளுகிறது. அதற்கு நேர் எதிரில் வைத்தேன். சார் கூடப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

5 செப்டம்பர், வெள்ளி

குழாயைத் திறந்ததும் ஆவி பறக்கத் தண்ணீர் வந்தது. வார்டன் முத்தாத்தாள் அம்மா கையை நீட்டிப் பார்த்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விடிகாலையில் எழுந்து விறகு பாய்லரை ஊதுகிற வேலை இனிமேல் இல்லை என்று எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டம்ளர் காப்பி கொடுத்தார். காப்பி நன்றாக இல்லை. இரண்டு டம்ளர் குடித்தேன்.

15 செப்டம்பர், திங்கள்

பஸ்ஸை விட்டு இறங்கி ஹாஸ்டல் வழியாக வருகிறேன், பின்பக்கத்தில் புகை. விறகு பாய்லர்!

ஓடினேன். முத்தாத்தாள் அம்மா திருட்டு முழி முழித்துக்கொண்டு சுள்ளியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். நாலு நாளாகத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறதாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், “புள்ளைங்க அத்தனை பாடுபட்டு மாட்டீட்டுப் போயிருக்கறீங்க. எப்படிங் கண்ணு குத்தஞ் சொல்றது?” என்கிறார். என்ன செய்வேன் இந்த மரியாதையை வைத்துக்கொண்டு?

மெசினின் பின்பக்கத்தைப் பார்த்தேன். காற்று புகவேண்டிய அலுமினியத் தகடுகளே கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளைவெளேரென்று பஞ்சு, கம்பளி மாதிரி. குடோன் ஃபேன் சூட்டை மட்டுமா தள்ளும்? பஞ்சையும் சேர்த்துத்தானே தள்ளும். அந்த இங்கிலீஷ் புத்தகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய் என்று இருந்தது, அதைப் பார்த்து நானும் நோட்டின் பதினேழாம் பக்கத்தில் அப்படியே எழுதிவைத்தேன். அடியே கிளாடிஸ், பதினோரு வருசம் அந்தப் பஞ்சைத்தானே தலையில இருந்து தட்டித் தட்டி ஊட்டுக்கு வந்தே? அது எப்படி மறந்துச்சு உனக்கு?

பிரஷ் வாங்கிவந்து தட்டி எடுத்தேன். ஒரு தலையணைக்கு ஆகும். மெசின் மூச்சு விட ஆரம்பித்தது, சாயங்காலமே தண்ணீர் சுட்டது. நான் கிளம்பும்போது முத்தாத்தாள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். “நான் யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேனுங் கண்ணு. புகாருனு ஒண்ணும் எழுதலையே.”

உண்மைதான். புகார் இல்லை.

16 செப்டம்பர், செவ்வாய்

சொல்வதா வேண்டாமா? இன்னும் முப்பது நாளைக்கு வாரம் ஒருமுறை நானே போய்த் தட்டிவிட்டால் போதும். புத்தகம் அச்சாகிவிடும். ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் “மூன்று மாதத்துக்கு ஒருமுறை” என்பதும் சேர்ந்துதானே அச்சாகும்? சோமனூர், பல்லடம் என்று தறி இருக்கிற ஊரெல்லாம் அதை நம்பி மெசினை மாட்டுவார்களே. பொற்கொடியிடம் கேட்டேன். அவள், “நீங்க எழுதுனது தப்புன்னா நீங்களே அடிச்சுப்போட்டு எழுதுங்க்கா. நாங்க அதையும் காப்பி அடிச்சுக்கறோம்” என்று சிரித்தாள். இவளா பயந்து ஓடப்பார்த்தவள்!

19 செப்டம்பர், வெள்ளி

பதினேழாம் பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். தலைப்பு, “நாங்கள் செய்த தப்பு”. காற்று வருகிறதா என்று மட்டும் பார்க்காதே, எங்கிருந்து வருகிறது, கூட எதைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்று பார். பக்கத்தில் தறி இருந்தால் மெசினிலிருந்து அரை அடி தள்ளிக் கொசுவலைச் சட்டம் ஒன்று நிறுத்து. சனிக்கிழமை தோறும் வலையைக் கழற்றித் தட்டு. வலையைத் தாண்டியும் பஞ்சு போயிருக்கும், தகட்டையும் பார்.

ஹாஸ்டலிலும் சட்டத்தை நிறுத்திவிட்டோம். சூடான காற்றை விட மனசில்லை, பஞ்சை மட்டும்தான் நிறுத்தினோம்.

22 செப்டம்பர், திங்கள்

அற்புதம் மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். தண்ணீர் சுடாத நாலு நாளையும் புகைந்த பாய்லரையும் மறைக்காமல் சொன்னேன். மேடம் புதுப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். பிரவின்குமார் சார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சோதனையில நீங்க பாஸ் ஆகலீங்க, கிளாடிஸ்” என்றார் மேடம். தலையைக் குனிந்துகொண்டேன். “நாற்பது நாளை இன்னைக்கிருந்து மறுபடி எண்ணுங்க. ஆனா இந்தப் பக்கம் அந்த இங்கிலீஷ் புக்குல இல்லீங்களே.”

வெளியே வந்ததும் சார், டீ குடிக்கலாமா அக்கா என்று கேட்டார். கண்ணீரோடு டீ குடித்தேன், பன்னும் தின்றேன்.

5 அக்டோபர், ஞாயிறு

மாதா கோவில் தேர். கூட்டத்தில் முத்தாத்தாள் அம்மா என்னைக் கண்டுபிடித்து, எடுத்த எடுப்பில், போன வாரம் ஒருநாள் தண்ணீர் ரொம்பச் சுட்டுவிட்டது என்று குறை சொன்னார். தண்ணீர் சுடுகிறது என்பது ஒரு புகாரா! அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

31 அக்டோபர், வெள்ளி

நாற்பது.

5 ஜனவரி 2026, திங்கள்

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் என் பெயரைப் போடட்டுமா என்று மேடம் கேட்டிருந்தார். எங்கள் ஒன்பது பேர் பேட்ச்சின் பெயரே போதும் என்று சொல்லியிருந்தேன். உள்ளே இட்லிக் குண்டா அப்படியே இருக்கிறது. ஜெப்ரி அதைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தார்.

9 பிப்ரவரி, திங்கள்

இன்று சிங்காநல்லூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில் வேலை. நான் இப்போது டெக்னீஷியன், சட்டையில் பெயர் தைத்திருக்கிறார்கள். கூட வந்தவள் புது பேட்ச் ஷ்ரவ்யா. எங்களுக்கு இன்றுதான் அறிமுகம்.

கிழக்கு மூலையில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. இங்கேயே வைத்துவிடலாம் என்று மெசினை நகர்த்தினேன்.

“அக்கா, ஒரு நிமிசமுங்க” என்றாள். “காத்து எங்கிருந்து வருதுன்னு பார்க்காம வெக்கக்கூடாதுங்க. புக்குல பதினேழாம் பக்கத்துல இருக்குது. கருமத்தம்பட்டியில யாரோ தறிக்குடோன் ஃபேனுக்கு நேரா கொண்டுபோயி வெச்சுப்போட்டாங்களாமா.” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பாவம், தெரியாமல் வைத்திருப்பார்கள் என்றேன்.

இருவரும் கைப்பிடிச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தோம். நேர் கீழே ஒரு மாவு மில். வாசலில் நின்றவரின் புருவம்கூட வெள்ளையாக இருந்தது.

அவள் ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம் பிடித்தேன். மெசினை மேற்கு மூலைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.