பிடுங்கி அடுக்கிய மீசான் கட்டைகள்

அன்பு மகன் பர்ஸானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் சாய்ந்தமருதில் நானும் உன் தங்கை றுஸ்தாவும் சுகம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன். போனில் கதைத்தால் ஏசிவிடுவேன் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். றுஸ்தாவின் மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கடல் கொந்தளிப்பால் மீன்தான் நெருப்பு விலை.

சனிக்கிழமை உன் கம்பனி ஆட்கள் துப்பரவுச் சிரமதானத்துக்கு வந்தார்கள். நம் மூத்தவர்களெல்லாம் அடங்கியிருக்கிற எங்கள் மையவாடியை நீதான் தெரிவு செய்து கொடுத்தாய் என்றார்கள், எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். பஸ் நிறையப் பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரே பச்சை டீசேர்ட். பள்ளிவாசலில் பற்றை வெட்டத்தான் அனுமதி கொடுத்திருந்தார்கள். வெயிலில் பாடுபடுகிறார்களே என்று இளநீர் வெட்டி வாசலில் கொடுத்துவிட்டு, என் மகனுடைய கம்பனி என்று போவோர் வருவோரிடமெல்லாம் பெருமையடித்தேன். அஸர் தொழுதுவிட்டு உள்ளே போனவன் விறைத்துப்போய் நின்றேன். கபுறுகளின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்டிருந்த மீசான் கட்டைகளில் ஒன்றைக்கூடக் காணோம். எல்லாவற்றையும் பிடுங்கி, நெட்டை குட்டை பார்த்து மதிலோரம் அழகாக அடுக்கி, மணலையும் வாரி மட்டமாக்கியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைக் கூட்டி வந்த பவிதரன் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவனாம், உக்கிய வேலிக்கட்டைகள் என்று நினைத்தானாம். மையவாடியைப் பார்க்கும் றஸாக் அவனிடம், "அது ஒவ்வொண்டும் ஒரு மனிசன் தம்பி" என்றார். அந்தப் பிள்ளை அப்படியே மணலில் குந்திவிட்டான், பிறகு யாருடைய கபுறில் குந்தினோமோ என்று பதறி எழும்பினான். அவனை நான் எப்படி ஏச.

உன் உம்மாவின் கட்டையை அந்த அடுக்கில் கண்டுபிடித்துவிட்டேன் மகன், இடத்தைத்தான் காணவில்லை. அவள் மௌத்தான அன்று நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், பிறகு அந்தக் கட்டையைப் பார்த்தே போய் நின்று ஸலாம் சொல்லி வந்தவன். இப்போது எல்லா மண்ணும் ஒரே மண்ணாகக் கிடக்கிறது. நன்மை செய்யப் போனாலும் அந்த இடத்து ஆளொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாமா. நீயாவது கூட வந்திருக்கலாம், உனக்கு மீட்டிங்காம்.

மாரி தொடங்குமுன் வந்து சேர். கம்பனி தருகிற தொண்டு நாளில் வேண்டாம், உன் சொந்த லீவில் வா. அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் பரக்கத்தையும் தரட்டும், சுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே. கபுறுக்குள் இறங்கி உம்மாவை வைத்தவன் நீதானே, அந்த இடத்தை மறந்திருக்க மாட்டாய் என்று றுஸ்தாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் வாப்பா
மீராசாஹிபு