பதினாலாவது ஊசி

என்னங்க,

நன்றாக இருக்கிறீர்களா? மகளுக்கு இருமல் நின்றதா? நான் நலம். முதுகுவலிகூடக் குறைந்துவிட்டது.

நாளெல்லாம் மெஷினில் குனிந்து தைத்ததில் வலி தாங்காமல், போன வாரம் அக்குபஞ்சர் செய்துகொண்டேன். குப்புறப் படுத்தபடி எண்ணினேன். முதுகில் பதினாலு ஊசி ஏறியது. எடுக்கும்போது தட்டில் பதின்மூன்று முறைதான் சத்தம் கேட்டது.

"ஒண்ணு குறையுதே டாக்டர்?" என்றேன்.

"எல்லாம் எடுத்தாச்சும்மா, பயப்படாதீங்க."

எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால், முனை கிடைக்கும்வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. தைத்த துணியில் ஊசி இருந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் மெஷினில் என் முதுகையும் காட்டட்டுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"அது துணிக்குத்தாம்மா, ஆளுக்கு இல்ல" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஐந்து நாளாகக் குப்புறத்தான் தூங்குகிறேன். பஸ்ஸில்கூடச் சாய்ந்து உட்காருவதில்லை. தடவிப் பார்க்கலாம் என்றால் என் கை அந்த இடத்துக்கு எட்டவில்லை.

நம் தையல் கடையில், கீழே சிந்திய ஊசியைப் பொறுக்க ஒரு காந்தம் வைத்திருப்பீர்களே, அதை அனுப்புங்கள். மகளிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. காந்தத்தை மறந்துவிடாதீர்கள். முடிந்தால் நீங்களே கொண்டுவாருங்கள்.